கட்டாத பொட்டலம்

தோவாளையில் பூக்கட்டும் அழகியநாயகிக்கு ஐம்பத்திரண்டாம் வருஷத்துத் தேர்தல் பெரிய தலைவலியாக வந்து சேர்ந்தது. புருஷன் தாணப்பன் தராசுச் சின்னத்துக்காகத் தொண்டை கட்டக் கத்தினான். அண்ணன் கிருஷ்ணமணி கப்பல் சின்னத்துக்கு ஆள் பிடித்தான். அவள் ஓட்டு தன் மடியில்தான் இருக்கிறது என்று இருவருமே நினைத்தார்கள். அவள் பாடு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதான்.

இதற்கிடையில் குடைச் சின்னத்தில் நின்ற பக்கத்து ஊர் வைகுண்டராஜன் வைத்தியர் ஒற்றை ஆளாக வாசலுக்கு வந்தார்.

"அவுக சந்தைக்குப் போயிருக்காவ" என்றாள் அழகியநாயகி.

"அவுக ஓட்ட அவுககிட்ட கேட்டுக்கிடுதேன். இப்ப ஒங்க ஓட்டத்தான் கேக்க வந்தேன், அம்மா."

கத்தரிக்காயா பூசணிக்காயா என்பதைக்கூட அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. அன்று முழுக்கக் கை பூக்கட்டியது, மனம் மட்டும் வாசலிலேயே நின்றது.

ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். தாணப்பன் சிரித்தான். "குடைக்குப் போடுகதும் கெணத்துல போடுகதும் ஒண்ணுதான். ஜெயிக்காதவன் பெட்டிய எவன் தொறந்து எண்ணுவான்? அள்ளி அடுப்புல வச்சிருவானுவ."

அதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று பட்டது. கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, குழப்பம் என்றால் ஊரில் முத்தாரம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். அவளும் தராசுக்குச் சிவப்பு அரளி, கப்பலுக்கு வெள்ளைப் பிச்சி என்று இரண்டு இலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனாள். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தாள். பிச்சிப்பூ. சப்பென்று ஆகிவிட்டது.

சரி, அரளி வந்திருந்தால்? யோசித்துப் பார்த்தாள். அப்போதும் சப்பென்றுதான் இருந்திருக்கும். மனசில் இருந்ததைப் பொட்டலமாகக் கட்டவே இல்லையே, அப்புறம் அம்மை எதை எடுத்துத் தருவாள்! தன் புத்தியை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஓட்டுப் போடும் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மறைப்புக்குப் பின்னால் மூன்று பெட்டிகள் இருந்தன. கூட யாரும் இல்லை. குடைப் படம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டாள். போட்டபின் பயமாகத்தான் இருந்தது. உண்மையிலேயே அடுப்புக்குப் போய்விட்டால்?

எண்ணிக்கை முடிந்து தராசு ஜெயித்தது. அங்கே ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த தாணப்பன் ராஜநடை நடந்து வீட்டுக்கு வந்தான். அழகியநாயகி பிச்சி கட்டிக்கொண்டிருந்தாள்.

"வேடிக்கையக் கேட்டியா? ஒவ்வொரு பூத்துப் பெட்டியையும் தனித்தனியாத் தொறந்து எண்ணுனானுவ. நம்ம பூத்துல வைத்தியருக்கு எத்தன தெரியுமா? ஒண்ணே ஒண்ணு!" விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒண்ணா? நல்லாப் பாத்தேளா?"

"என் கண்ணு முன்னாலல்லா எண்ணுனானுவ. ஒத்தச் சீட்டு."

போட்டது ஒன்று, வந்தது ஒன்று. கிணற்றிலும் விழவில்லை, அடுப்பிலும் எரியவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, ஒரு அதிகாரி கையில் எடுத்து எண்ணியிருக்கிறார். சந்தோஷத்தில் சரத்தில் ஒரு பிச்சியைக் கூடுதலாக வைத்துக் கட்டினாள்.

"எந்தக் கேணப்பய போட்டானோ?" என்றான் தாணப்பன்.

அழகியநாயகி தலை நிமிர்ந்தாள்.

"போட்டது ஆம்பளதான்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"