ஏற்றம் முழுக்கப் பேசிய பல் டாக்டர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் என் அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்தாள்.

"டேய், நீ கதை எழுதுறவன்தானே? அந்த மனுஷன் மலை ஏறும்போது என்ன பேசினார்னு கண்டுபிடிச்சு எழுது."

அந்த மனுஷன் என் அத்தான், அவள் கட்டிக்கொண்டவர். மலை, போன வாரம் இருவரும் சைக்கிளில் ஏறிய மலை. அங்கே அவர் பேசினார் என்பது நிச்சயம். என்ன பேசினார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மலைகளின் மடியில் வெள்ளிச் சரிகையாய் நெளிந்தோடும் அந்த நதி, எத்தனையோ நூற்றாண்டுகளின் இரகசியங்களை"

(நிறுத்திவிட்டேன். நதிக்கு இரகசியம் தெரியுமென்றால் நான் ஏன் இங்கே மண்டையை உடைத்துக்கொள்கிறேன்?)

இரண்டாம் முயற்சி: "கற்பாலத்தைக் கடந்ததும், அத்தானின் இடது தோளுக்கு மேலே பழைய கோட்டை எழுந்து நின்றது."

இது ஏன் இப்படி வந்தது என்று விளக்க வேண்டும். நான் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனதே இல்லை. என்னிடம் இருப்பதெல்லாம் அக்கா அனுப்பிய படங்கள். அவர்கள் போனது இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிள். முன்னால் அத்தான், பின்னால் அக்கா. ஆகவே எல்லாப் படத்திலும் அத்தானின் முதுகு இருக்கிறது. முதுகு, கொஞ்சம் நதி. முதுகு, மணிக்கூண்டின் பாதி. முதுகு, மதில் சூழ்ந்த ஓர் ஊர், அதன் நுழைவாயில் இருக்க வேண்டிய இடத்தில் வியர்வை. அந்த வட்டாரத்தின் வரலாற்றுச் சிறப்பைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.

3

ஆட்களைப் பற்றிச் சொல்லிவிட்டால் பாதிக் கதை முடிந்த மாதிரி.

அத்தான் பல் டாக்டர். வேலையில் ஓயாமல் பேசுவார். எதிரே இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதால் இத்தனை வருஷமாக அவர் பேச்சுக்குப் பதில் வந்ததில்லை. "பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்று கேட்பார், "சௌகரியம்தான் போல" என்று அவரே சொல்லிக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் ஊமை. அங்கே பதில் வரும்.

அக்கா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். சாட்சியும் வக்கீலும் பேசுவதை ஒரு சொல் விடாமல் எடுத்துவிடுவாள். இருமினால்கூட விட மாட்டாள். அப்படிப்பட்டவளுக்குக் கட்டினவரின் பேச்சு கைநழுவிவிட்டது. அவள் கோபத்தின் அளவு இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

4

நடந்தது இது.

சைக்கிளை வாடகைக்குக் கொடுத்தவர் ஒரு வழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார். பின்னால் இருப்பவர் ஏறி உட்கார்ந்ததும் முன்னால் இருப்பவரின் முதுகில் இரண்டு தட்டு. தட்டு விழுந்தால்தான் மிதிக்க வேண்டும். ஏற்றம் தொடங்கும் ஊரில் கற்பாலத்தின் மேல் அக்கா நிறுத்தச் சொன்னாள்.

"முதுகு இல்லாம ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேங்க."

இறங்கிப் பாலத்தின் ஓரத்துக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலாப் பயணி வந்தார்.

(இந்த ஆளைப் பற்றி எனக்கே சந்தேகம். தொப்பி வைத்திருந்தாராம், பெரிய மனசாம், வந்தாராம், போனாராம். கதைக்கு வசதியாக ஓர் ஆள் இப்படி வந்து சேர்ந்தால் பத்திரிகை ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அடித்துவிட்டு வேறு ஆளைப் போடலாமா என்று அக்காவைக் கேட்டேன். "வந்தான்டா, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.)

அத்தனை நீளச் சைக்கிளில் தன்னந்தனியாக ஒருவர் மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அந்தத் தொப்பிக்காரரின் மனதைத் தொட்டுவிட்டது. பலே என்பது போல் அத்தானின் முதுகில் தட்டினார். இரண்டு முறை.

அத்தான் கிளம்பிவிட்டார்.

அக்கா கத்தினாள். பாலத்தடியில் தண்ணீர் இரைந்தது. உற்சாகத்தில் கத்துகிறாள் என்று நினைத்து அத்தான் கையைத் தூக்கி ஆட்டினாராம். முதல் கொண்டை ஊசி வளைவில் ஆளே மறைந்துபோனார்.

"பாரம் குறைஞ்சது தெரியலையா அத்தான்?" என்று அப்புறம் நான் கேட்டேன்.

"தெரிஞ்சுது மச்சான். உங்க அக்கா அன்னைக்குத்தான் ஒழுங்கா மிதிக்கிறான்னு நினைச்சேன்."

5

விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு கொண்டுபோகும் சலவைக் கடை வண்டி ஒன்று வந்தது. அக்கா கைகாட்டி ஏறிக்கொண்டாள். பாதி மலையில் வண்டி அத்தானைப் பிடித்துவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஒரு கையை விட்டு, அந்தக் கையை ஆட்டி ஆட்டி, காலியான இருக்கைக்குப் பேசிக்கொண்டு மிதிக்கிறார். நடுவே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

"யாரும்மா இது, தனியாப் பேசிக்கிட்டுப் போறாரு?" என்றார் வண்டிக்காரர்.

"யாரோ. தெரியலையே" என்றாள் அக்கா.

இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். ஏன் வண்டியை நிறுத்தவில்லை? இது தெரியாமல் கதை நகராது.

அவள் சொன்னாள்: "முதல்ல கோவம்தான்டா. அப்புறம் முகத்தைப் பார்த்தேன். அந்த மனுஷன் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்ல. நான் நிறுத்தினா அவரும் நிறுத்திடுவாரேன்னு விட்டுட்டேன்."

(இதற்கு அடிக்குறிப்பு ஒன்று எழுதினேன், காதல், மௌனம் என்றெல்லாம். அடித்துவிட்டேன். அவள் சொன்னதே போதும்.)

உச்சியில் கோட்டை வாசலில் அவள் காத்திருந்தாள். அத்தான் மூச்சு வாங்க வந்து நின்றார். தலையைக் குனிந்தபடியே, "இறங்கும்மா. இன்னைக்கு ரொம்ப நல்லா மிதிச்சே" என்றார். நிமிர்ந்தார். எதிரே அக்கா நின்றுகொண்டிருந்தாள். திரும்பிக் காலி இருக்கையைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார். பிறகு சைக்கிளோடு மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"அப்போ நான் சொன்னது?" என்றார் தரையில் கிடந்தபடி.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

அன்றிலிருந்து ஒண்ணுமில்லைதான். "நல்லதா கெட்டதான்னாவது தெரியணும்டா" என்கிறாள் அக்கா. "எதுக்கு அழுதார்? சோறு இறங்க மாட்டேங்குது." சிரிப்புக்கதை என்றுதான் நானும் எழுத உட்கார்ந்தேன். அவள் குரலைக் கேட்டதும் எனக்கும் அது தெரிந்தாக வேண்டும் என்றாகிவிட்டது.

6

ஆகவே அவர் பேச்சை நானே கற்பனை செய்தேன்.

முடிவு அ: "அன்பே, இத்தனை காலம் உன் அருமை தெரியாமல்"

அக்கா படித்துவிட்டு, "அவர் என்னை அன்பேன்னு கூப்பிட்டா, ஜுரமான்னு நெத்தியைத் தொட்டுப் பார்ப்பேன்" என்றாள்.

முடிவு ஆ: பல் வைத்தியத்தை மூட்டை கட்டிவிட்டு மலையடிவாரத்தில் சைக்கிள் கடை வைக்க ஆசைப்படுகிறார்.

"அவருக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியாது. போடா."

முடிவு இ: ஏற்றம் முழுக்க ஈறு வீக்கத்தைப் பற்றித்தான் பேசினார், பழக்கதோஷம். கண்ணைத் துடைத்தது வியர்வை.

இதற்கு அத்தானே போன் செய்துவிட்டார். (வீட்டில் இருந்து அவர் எனக்குப் போன் செய்வது இதுதான் முதல் தடவை.)

"மச்சான், ஈறெல்லாம் இல்ல. அசிங்கப்படுத்தாதே."

"அப்போ அவகிட்ட சொல்லித் தொலைங்களேன்."

"முகத்தைப் பார்த்தா வர மாட்டேங்குது. நான் பாதி சொல்றதுக்குள்ள அவ மீதிக்குப் பதில் சொல்லிடுவா. முதுகுப் பக்கம் இருந்தா வருது. ஆனா இனிமே எப்படிப் பேசறது? பின்னாடி இருக்காளோ இல்லையோன்னு பயமா இருக்கே."

கதாபாத்திரமே வந்து சிக்கலைச் சொல்லிவிட்டுப் போனால் எழுத்தாளனுக்கு அதைவிட என்ன வேண்டும்? நான் சொன்னேன்: "அக்கா முன்னாடி உட்காரட்டும். நீங்க பின்னாடி உட்காருங்க. அவ முகம் தெரியாது. ஆனா இருக்கான்னு தெரியும்."

"ஹேண்டில் அவ கையிலயா? அவ பிரேக்கே பிடிக்க மாட்டாளே."

"ஏத்தத்துல எதுக்கு அத்தான் பிரேக்?"

அக்காவிடமும் ஒரு நிபந்தனை போட்டேன். உச்சி வரைக்கும் பதில் பேசக்கூடாது. ம் கொட்டக்கூடாது. "கோர்ட்டுல வருஷக்கணக்கா அதைத்தானே பண்றேன்" என்றாள். ஆனால் குரலில் தெம்பில்லை.

7

நேற்று போனார்கள்.

நான் மேஜையில் காகிதத்தை விரித்து, பேனாவைத் திறந்து, போனைப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தேன். மத்தியானம் அக்கா கூப்பிட்டாள்.

"சொன்னாரா?"

"சொன்னார்."

"முழுசாவா?"

"முழுசா. ஒரு வார்த்தை விடாம மனசுல இருக்கு."

"சொல்லு, எழுதிக்கறேன்."

"முடியாது" என்றாள். "நீ கதையில போட்டுடுவே."

"அக்கா, கதையே அதுக்காகத்தானே!"

"அதுக்கு நான் என்னடா பண்ணட்டும்? அவர் என்கிட்டதானே சொன்னார்." அழுதிருக்கிறாளா, சிரித்துச் சிரித்துத் தொண்டை கட்டியிருக்கிறதா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் அத்தான் யாரிடமோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். யாரோ பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் அதை நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வெச்சுடறேன். இறக்கம் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சிக்கலை அவிழ்த்தது நான், முடிவு எனக்கே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சந்தோஷமாகவும் இருந்தது. அதை அவளிடம் சொல்லப் போவதில்லை.

ஆகவே வாசகரே, அத்தான் சொன்னதை எழுதுவதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறோமா என்று அக்காவிடம் போய்க் கேட்காதீர்கள். யாரோ, தெரியலையே என்று உங்களைப் பார்த்தும் சொல்லிவிடுவாள். வேண்டுமானால் உங்கள் வீட்டில் யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ முணுமுணுக்கிறார்களா என்று பாருங்கள். பதில் சொல்லிவிடாமல், பக்கத்தில் போய் நில்லுங்கள்.

(

)