ராணியின் முதுகுத் தையல்

சோபா தைத்துப் பிழைக்கிற அந்த மனிதருக்கு ஒரு குறை இருந்தது. கை எப்போதும் நேராகவே ஓடும். இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்கிறவர்கள் அவர் பெண்டாட்டியைக் கேட்கட்டும். அந்த நேர்த்தியால் இரண்டு வருஷம் சாக்குத்துணி போட்டுக்கொண்டு நின்றவள் அவள்தான்.

அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். வருஷமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் வெளிச்சம் பிடித்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை, சனி ஞாயிறில், மூடிக் கிடக்கும் செங்கல் சூளைக்குப் போவாள். அங்கே கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பெரியவர்கள் எல்லாம் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ராஜா, மந்திரி, குதிரைக்காரன் என்று வேஷம் கட்டிக்கொண்டு இரண்டு நாள் அப்படியே வாழ்வார்கள். மேடை கிடையாது, எழுதி வைத்த வசனம் கிடையாது, வேடிக்கை பார்க்கக் கூட்டமும் கிடையாது. சதி செய்வார்கள், சண்டை போடுவார்கள், செத்தவர்கள் ஓரமாகப் போய் டீ குடிப்பார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லலாம். அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டும்.

விளையாட்டுக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. உடையை வீட்டிலேயே, கையாலேயே தைக்க வேண்டும். ஜிப் கூடாது, பிளாஸ்டிக் பொத்தான் கூடாது, மிஷின் தையல் கண்ணில் படவே கூடாது. இதைச் சோதிக்க வாசலில் ஒரு கணக்கு வாத்தியார் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சோபாக்காரர் கண் நோக நோகக் கையால் தைத்த உடையை வாத்தியார் போன இரண்டு தடவையும் பார்த்துவிட்டு, "மிஷின்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். இவ்வளவு ஒரே சீராக மனுஷக் கை தைக்காதாம். தள்ளுபடி ஆனவர்களுக்கென்று அங்கே ஒரு சாக்கு அங்கி ஆணியில் தொங்கும். அதை மாட்டிக்கொண்டு அவள் இரண்டு வருஷமும் அரண்மனைக்குத் தண்ணீர் தூக்கினாள்.

இந்த வருஷம் அவளுக்கு ராணி வேஷம் விழுந்திருந்தது. நாட்டை விட்டுத் துரத்தப்பட்டுத் திரும்பி வருகிற ராணி. மேலங்கி தேறாவிட்டால் வேஷம் பேங்க் கேஷியர் அம்மாவுக்குப் போய்விடும். அந்த அம்மா முன்னெச்சரிக்கையாக ஒன்றைத் தைத்து வைத்துக்கொண்டு, "உனக்குக் கெடைச்சா எனக்குச் சந்தோஷம்தான்" என்று சொல்லித் திரிந்தாள்.

"இந்தத் தடவ கொஞ்சம் கோணலா தைங்க," என்றாள் பெண்டாட்டி.

"கோணலா எப்படித் தைக்கிறது?"

"ஊரே அப்படித்தான் தைக்குது. உங்களுக்கு மட்டும் என்ன கேடு?"

அவரும் முயன்றார். இடது கையால் தைத்தார். கண்ணை மூடிக்கொண்டு தைத்தார். தலைகீழாக நின்று தைக்காததுதான் பாக்கி. தையல் எறும்பு வரிசை மாதிரி ஒழுங்காகவே போனது. பட்டறையில் அவரோடு பஞ்சு அடைக்கிற மச்சினன் துணியைத் தூக்கிப் பார்த்தான்.

"நாய் வால நிமிர்த்த முடியாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன் மாமா. வளைக்கவே முடியாத ஆள இப்பத்தான் பாக்கறேன்."

கடைசியில் பெண்டாட்டி துணியைப் பிடுங்கிக்கொண்டாள். வெளியே தெரிகிற தையலையெல்லாம் பிரித்துத் தானே தைக்க உட்கார்ந்தாள். ஊசி மலை ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, நடுவில் வழி மறந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா?" என்றாள்.

"இல்ல, நீ தை."

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இப்ப முடிஞ்சிடும்."

தோள், கை, ஓரம் எல்லாவற்றையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். முதுகைத்தான் பொறுக்க முடியவில்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரை துணி சுருங்கிச் சுருங்கி இழுத்துக்கொண்டு நின்றது. ராணி திரும்பி நடந்தால் அத்தனை பேரும் அதைத்தானே பார்ப்பார்கள்? என் பெண்டாட்டி முதுகில் இப்படி ஒரு தையலா என்று அவருக்கு மனசு ஆறவே இல்லை. அவள் வேலைக்குப் போன நேரத்தில் அதைப் பிரித்து, தன் வழக்கப்படி தைத்து, ஒன்றும் தெரியாதவர் போல மடித்து வைத்துவிட்டார். புத்தி இருக்கிறவன் செய்கிற வேலையா இது?

சனிக்கிழமை சூளை வாசலில் வாத்தியார் முன்பக்கத்தைப் பார்த்தார். தோளைப் பார்த்தார். "நல்ல கைத்தையல்" என்று பாராட்டக்கூடச் செய்தார். "திரும்பும்மா," என்றார். பூதக்கண்ணாடி கழுத்திலிருந்து இடுப்புக்கு இறங்கி, மறுபடி மேலே ஏறியது.

"இது மிஷின்."

அவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை. வேலியோரம் நின்ற புருஷன் முகம் தெரிந்தது. அதில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. கேஷியர் அம்மா சத்தமில்லாமல் தன் பையைத் திறந்தாள். இவள் இத்தனை மாதம் ஏங்கிய வேஷத்தை நாமே கெடுத்தோமே என்று சோபாக்காரர் தன்னையே திட்டிக்கொண்டார். ஆயுசுக்கும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"பிரிச்சிட்டு இங்கயே வேற தையல் போடும்மா. விட்டுடறேன்," என்றார் வாத்தியார்.

"மாட்டேன் சார்."

"அப்ப சாக்குதான்."

"சாக்கே குடுங்க. ரெண்டு வருஷமா என் புருஷன் கைய மிஷின்னு சொல்றீங்க, நானும் வாய மூடிட்டுதான் இருந்தேன். எங்க வீட்டு சோபாவக் கவுத்துப் போட்டுப் பாருங்க. யாரும் பாக்காத அடிப்பக்கம்கூட இப்படித்தான் இருக்கும். இவர் கை மாதிரி இன்னொரு கை கெடையாது சார். நீங்க நம்பலன்னா போங்க. இந்தத் தையல நான் பிரிக்க மாட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து தன் தையலைப் பற்றி அவள் வாயால் அவர் கேட்டதெல்லாம் கிண்டல்தான். இப்போது கேட்டது வேறு. அப்படியொரு சந்தோஷம், அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே மனிதருக்குத் தெரியவில்லை. விறுவிறுவென்று வந்தார்.

"உங்க கண்ணு முன்னாடியே தைச்சுக் காட்டறேன் சார்."

ஒரு துண்டுத் துணி கொடுத்தார்கள். கவசம் போட்ட தளபதி முதல் குதிரைக்காரன் வரை சுற்றி நின்றுகொண்டார்கள். அவர் ஊசியை எடுத்தார். கண் கலங்கியிருந்ததில் ஊசி முனை இரண்டாகத் தெரிந்தது. விரல் நடுங்கியது. ஒரு தையல் இங்கே விழுந்தது, அடுத்தது எங்கேயோ விழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கோணலாகத் தைத்தார். அதுவும், நேராகத் தைத்தே தீரவேண்டிய அன்றைக்குப் பார்த்து.

"பாத்தீங்களா?" என்றார் வாத்தியார். "கைன்னா இப்படித்தான் வரும்."

சோபாக்காரர் பெண்டாட்டியைப் பார்த்து, "அதக் கழட்டு," என்றார்.

"வேணாங்க."

"கழட்டுன்றேன்ல."

மேலங்கியை வாங்கி முதுகுத் தையலைத் தானே பிரித்தார். நடுக்கம் நின்றுவிட்டால் கை மறுபடி நேராகிவிடுமே என்று அவசர அவசரமாகத் தைத்தார். வாத்தியார் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார். கேஷியர் அம்மா பையை மூடினாள். காவலாளிகள் ஈட்டியை விலக்கி ராணிக்கு வழி விட்டார்கள்.

அவள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவிப் பார்த்தாள். விரல் நெளிந்து நெளிந்து போனது.

"என்னங்க, இவ்வளவு கேவலமா தைச்சிருக்கீங்க," என்றாள். சொல்லிவிட்டும் விரலை அந்தத் தையலிலிருந்து எடுக்கவில்லை.

"நீ பேசின பேச்சுக்குக் கை இவ்வளவுதான் ஓடுச்சு," என்றார் அவர். "உள்ள போ."