பனைத் திட்டில் நட்ட கழி

அன்று மத்தியானம் ஹாஜி ஷாஸ்லியின் விருந்தறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் ஷாஸ்லி, எதிர்க்கரை ரஷ்வான் வீட்டுப் பெரியவர் பக்ர், பக்ரின் மகன் உவைஸ், பள்ளிவாசல் இமாம் ஷேக் தூஹாமி, கெய்ரோ பல்கலைக்கழகத்திலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு வந்த டாக்டர் நிர்மீன். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை ஷாஸ்லியே முடிவு செய்தார். இமாமைப் பக்ருக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்.

இங்கிலீஷ்காரன் காலத்தில் நைல் படகுக்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நிர்மீன் ஊர் ஊராகக் கேட்டு வந்தாள். என்ன சாப்பிட்டார்கள், காற்று நின்றால் படகை எப்படி இழுத்தார்கள், பாயை யார் தைத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டும். அவளைத் தன் வீட்டுக்கு அழைத்தவர் ஷாஸ்லி. பக்ருக்கு ஆள் அனுப்பியதும் அவரே.

ஷாஸ்லியின் தாத்தா கினாவி படகோட்டி. இங்கிலீஷ்காரன் தன் யுத்தத்துக்கு ஆள் பிடித்த வருஷம், பனைத் திட்டில் படகு உடைந்து செத்தார். கஞ்சா மயக்கத்தில் சுக்கான் பிடித்தான் என்று ரஷ்வான் வீட்டார் கரை முழுக்கச் சொல்லி வைத்தார்கள். கினாவியின் வீட்டார் கொலை என்றார்கள். பழி தீராத சாவுக்கு அங்கே யாரையும் துக்கம் விசாரிக்க விடுவதில்லை. கினாவிக்கு இன்றுவரை துக்கப் பந்தல் போடவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பக்ர் ஏதோ பெருமை பேசியதாக ஷாஸ்லியின் காதுக்கு வந்தது. அதைச் சாட்சிகள் முன்னால் கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் காபி.

வெள்ளம் வடிந்ததும் புது மணல்திட்டுகளை எப்படிக் கண்டுகொள்வார்கள் என்று நிர்மீன் கேட்டாள். தன் தாத்தாதான் கழி நட்டுத் துணி கட்டுவார் என்றார் பக்ர். படகெல்லாம் அதைப் பார்த்துத்தான் போகும். கழியை நகர்த்தினால் இரண்டு கரைக்கும் ஆள் விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவன் படகுக்காரனே இல்லை.

அவள் தலையாட்டிக் கேட்கக் கேட்க அவருக்கு உற்சாகம் ஏறியது.

"எங்க தாத்தா லேசுப்பட்ட ஆளா, டாக்டரம்மா? ஆள் பிடிக்க வெள்ளக்காரன் கப்பல் வருதுன்னு தெரிஞ்சதும் கழியப் புடுங்கி ஆழமில்லாத பக்கம் நட்டுட்டாரு. கப்பல் மணல்ல குந்திக்கிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஷாஸ்லியும் சிரித்தார்.

"எந்தத் திட்டு, பக்ர்?"

"பனைத் திட்டுதான் ஹாஜி. வேற எது?"

"அப்புறம் கழியப் பழைய எடத்துல நட்டாரா?"

"எங்க நட்றது? அந்தப் பக்கம் தல காட்டினா வெள்ளக்காரன் சுட்டுருவானே…"

பக்ர் பாதியில் நிறுத்தினார். காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அத இன்னொரு தடவ போடும்மா," என்றார் ஷாஸ்லி.

கருவியிலிருந்து பக்ரின் குரல் பெருமையோடு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னது. கேட்டீர்களா என்றார் ஷாஸ்லி. கேட்டேன் என்றார் இமாம், பக்ரைப் பார்த்தபடியே.

உவைஸ் எழுந்தான். "வெள்ளக்காரன எதிர்த்துச் செஞ்சது ஹாஜி. அது தப்பா?"

"அது தப்பில்ல. கரைக்குச் சொல்லாதது தப்பு. சொல்லாம இருந்துட்டு, அந்தக் கழிய நம்பி வந்து செத்தவனக் கஞ்சாக்குடிக்கின்னீங்களே, அதுக்கு என்ன பேரு? கஃபன் துணியோட வாங்க."

பிணத்துக்குச் சுற்றும் கஃபனைக் கையில் ஏந்திச் செத்தவன் வீட்டு வாசலுக்கு வந்தால் பழி தீரும். ஏந்தியவன் தலை அதற்கப்புறம் கரையில் நிமிராது. அப்பாவுக்கு முட்டி வலி, நான் ஏந்துகிறேன் என்று உவைஸ் கெஞ்சினான். பேசிய வாய்தான் வர வேண்டும் என்றார் ஷாஸ்லி.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், இரண்டு கரை ஜனமும் பார்க்க, பக்ர் படகுத்துறையிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்தார். கடைசி ஆள் பார்த்து முடிக்கும்வரை ஷாஸ்லி அவரை வாசல் வெயிலிலேயே நிறுத்தி வைத்தார். பிறகுதான் கினாவிக்குத் துக்கப் பந்தல் போட்டார்கள். நிர்மீன் அதையும் பதிவு செய்துகொண்டாள்.

ஷாஸ்லி அன்று பக்ரைக் கட்டித் தழுவி மன்னித்துவிட்டார் என்று கரையில் பேசிக்கொள்கிறார்கள். அவர் தழுவவில்லை. துணியை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.