பூச்சிக் குளிசை டொக்டர்

1

அன்று இருந்தவர்கள்: வேரோனிக்கா, அவருடைய தங்கையின் மகள் நடாஷா, பிறம்ரனிலிருந்து வந்த லொறிக்காரர் றொபேட், றொபேட்டின் மனைவி கரோலின். வேறொருவரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது சொல்லித் திரிகிறவர்களுக்கு அன்றைக்கு அழைப்பே போகவில்லை.

(வேரோனிக்காதான் இதை எழுதுகிறார். தன்னைத் தானே 'அவர்' என்று எழுதுவது மரியாதைக்காக. பிறர் தரும்வரை காத்திருக்கிற வயது போய்விட்டது.)

கதை பிறந்தது புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ரூஜ் பகுதியில், நடாஷா வீட்டின் நிலத்தடி பேஸ்மென்றில். ஈஸ்டர் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஒரு ஜப்பான் படம் போட்டாள். யுத்த காலத்து நாட்டுப்புற டொக்டர் ஒருவர், யார் வந்தாலும் ஒரே வியாதியின் பெயரையே சொல்கிறார். சிரிப்புப் படமாம்.

2

முதல் தொடக்கம்: 'மாலை வெயில் சன்னலின் வழியே' வேண்டாம். பேஸ்மென்றில் ஏது வெயில்?

இரண்டாவது: 'டொக்டர் வின்சன்ற் ஒரு மாமனிதர். அவருடைய' இதுவும் வேண்டாம். மகள் எழுதினால் யார் நம்புவார்?

றொபேட்டே தொடங்கட்டும்.

"வேரோனிக்கா அக்கா, உது உங்கட அப்பாவெல்லே! காலை முறிச்சுக்கொண்டு போனவனுக்கும் வயித்துப் பூச்சிக் குளிசை குடுத்த மனுசன்!"

"Really, பெரியம்மா?" என்றாள் நடாஷா.

"எங்கட அம்மா நெஞ்சு நோவெண்டு போனவ. அவவுக்கும் பூச்சியாம்! அடுத்த கிழமை மனிசி பூச்சியும் இல்லாமல் சுத்தமாப் போய்ச் சேர்ந்திட்டா."

"விசர் மனுசா, சிரிக்கிற கதையே உது?" என்றார் கரோலின்.

"அழுது முடிச்சாச்சப்பா. டொக்டரும் பாவம், வயசு போட்டுது. ஒண்டும் விளங்கேல்ல."

3

றொபேட்டைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தார் வேரோனிக்கா. வரவில்லை. சாப்பாட்டில் மிஞ்சிய கடைசி ரோல்ஸைப் பாதியாக முறித்து அவருக்குத் தந்தவனை எப்படி எழுதுவது?

ஆனால் அப்பாவின் பெயர் கெட்டுக் கிடக்கிறதே. அங்கே நாட்டில் நடந்த யுத்தத்தில் ஊருக்கு மருந்து வருவது நின்ற பிறகு டொக்டரிடம் மிஞ்சியது பூச்சிக் குளிசை என்கிற அந்த மாத்திரை மட்டும். வந்தவர்களை ஒழுங்காகச் சோதிப்பார். பிறகு பூச்சி என்பார். றொபேட்டின் தாய் திரும்பிப் போனதும் அப்பா வீட்டில் சொன்னார்: "இருதயம். மருந்து இல்லையெண்டு சொன்னால் மனிசி பயத்திலயே செத்திடும்."

இதைச் சொன்னால் அப்பா முட்டாள் இல்லை, பொய்யர். சொல்லாவிட்டால் பொய்யர் இல்லை, முட்டாள். எங்கள் குடும்பத்தில் இரண்டும் வழக்கமில்லை.

4

முடிவு அ: வேரோனிக்கா சொல்லிவிடுகிறார். றொபேட்டின் சிரிப்பு மெல்ல

[இந்த வாக்கியத்தை முடிக்க அவருக்கு மனம் வரவில்லை.]

முடிவு ஆ: வேரோனிக்காவும் சேர்ந்து சிரிக்கிறார். (இது நடக்காது.)

அன்று அவர் சொன்னது: "படத்தைப் பார், றொபேட்." அவன் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். அவனை அப்படியே விடுவதா என்பதை வாசிப்பவர்கள் முடிவு செய்யுங்கள். அவன் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பதில்லை, கரோலின் வாசிப்பார்.

ஒன்றை மட்டும் வேரோனிக்கா யாரிடமும் விடமாட்டார். டொக்டர் வின்சன்ற்றுக்கு இருதயத்துக்கும் வயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாது என்று இங்கே யூனியன்வில் ஊர்வரை ஒரு கதை உலாவுகிறது.

தெரியும்.