கால்தட்டு அக்காவின் தம்பி

கப்பல் கட்டும் பட்டறையில் கிரேனுக்குச் சைகை காட்டிவந்த தொழிலாளியின் இரண்டு கைகளும், அவன் பால் குடிப்பதை நிறுத்திய பன்னிரண்டாம் நாள், மணிக்கட்டு வரை கண்ணுக்குத் தெரியாமல் போயின. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. சட்டைப் பொத்தான் போட முடிந்தது, தலை சீவ முடிந்தது. கண்ணாடியில் மட்டும் சீப்பு தன்பாட்டுக்கு நகர்ந்தது. அவன் ஆரஞ்சு நிறக் கையுறைகளை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் ஏழு மணி ஷிஃப்டுக்குப் போனான். நான்கு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

இத்தனைக்கும் அதே பட்டறையின் உணவகத்தில் நானூற்றுச் சொச்சம் பேருக்கு அன்றாடச் சாப்பாட்டைத் திட்டமிடுபவள் அவனுடைய சொந்த அக்கா. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தீட்டாத தானியம், மீதிக் கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ என்று ஓயாமல் சொல்லிச் சொல்லி அவளுக்குக் கால்தட்டு அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவள் நடக்கும்போது பாதத்தைப் பார்ப்பார்கள். யார் எந்தப் புதுச் சத்துப் பொடியைப் பற்றியும் புதுப் பட்டினியைப் பற்றியும் பேச வந்தாலும், "எத்தனை பேர எத்தனை வருஷம் பாத்துட்டுச் சொன்னாங்க?" என்று கேட்பாள். வந்தவர்கள் அநேகமாக அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அவர்களுடைய அப்பா ஐம்பத்தொன்றாவது வயதில், சாப்பிட்டு எழுந்த நாற்காலிக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். மறுவாரம் தம்பி பொரித்த மீனில் இரண்டாவது துண்டை எடுத்தபோது, துக்கமும் கோபமுமாய் அக்கா சொன்னாள்: "அப்பா தட்டுலதான்டா நீயும் சாப்பிட்டுட்டு இருக்க." சொன்னவள் மறந்துபோனாள். கேட்டவனுக்கு அது வயிற்றில் கல்லாய்த் தங்கிவிட்டது. முதலில் சர்க்கரையை விட்டான்; எதுவும் மறையவில்லை. உப்பைக் குறைத்தான், அப்போதும் ஒன்றுமில்லை. இரண்டுமே நல்ல முடிவுகள், அதோடு நின்றிருக்கலாம். பிறகு எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் ஒதுக்கினான், கால் விரல்கள் போயின. முட்டையையும் மீனையும் விட்டான், பாதங்கள் போயின. பருப்பு வாயு என்று யாரோ சொன்னார்கள், முழங்கால் வரை போயிற்று. பழத்திலும் இனிப்பு இருக்கிறதே என்று அதையும், கடைசியில் பாலையும் விட்டான், கைகள் போயின. ஒவ்வொன்று மறையும்போதும் அவன் பயந்தது உண்மை. ஆனால் நாற்காலிக்கும் தொட்டிக்கும் நடுவே இருந்த அந்த ஆறடித் தூரத்துக்குத்தான் இன்னும் அதிகமாய்ப் பயந்தான். அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பான். உணவக வரிசையில் நிற்பான், தட்டை வாங்குவான், அதிலிருந்ததைப் பக்கத்து ஆளின் தட்டுக்கு மெதுவாகத் தள்ளிவிடுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல், நான்கு டன் எஃகுத் தகடு ஒன்று அந்தரத்தில் இருந்தபோது, கம்பிவடத்தில் சிக்கி அவனுடைய இரண்டு கையுறைகளும் ஒன்றன்பின் ஒன்றாய் உருவிக்கொண்டு போயின. கைகள் தப்பிவிட்டன, ஆனால் தெரியவில்லை. கடலிலிருந்து எழுந்த ஒரு வீச்சுக் காற்றில் தகடு தட்டாமாலை சுற்றிக்கொண்டு, சாப்பாட்டு வரிசை நின்றிருந்த முற்றத்தின் பக்கம் ஒதுங்கியது. மேலே கிரேன் கூண்டில் இருந்த பெண் ஓட்டுநருக்கு, கீழே ஒருவன் வெறும் சட்டைக் கைகளை மேலும் கீழும் ஆட்டுவதுதான் தெரிந்தது. வெல்டிங் இரைச்சலில் வாக்கி டாக்கிப் பேச்சு எடுபடாது. கூண்டிலிருந்து தகட்டின் அடிப்பக்கமும் தெரியாது. இழுப்பதா இறக்குவதா என்று புரியாமல் அவள் நெம்புகோலைப் பிடித்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்றவர்கள் பின்னால் நகரப் பார்த்தார்கள், பின்னால் சுவர்.

வரிசையைப் பார்க்க வெளியே வந்த அக்கா, தம்பியின் சட்டைக் கைகளுக்கு முன்னால் கைகள் இல்லாததைக் கண்டாள். அலறுவதற்கு அவளுக்கு நேரமில்லை. ஓடிப்போய் அவன் முன்னால் நின்று முதுகைக் காட்டியபடி தன் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"என் கையப் புடிச்சிக் காட்டுடா!"

மணிக்கட்டில் ஏதோ ஒன்று அவளைப் பிடித்தது. ஐஸ்போல் சில்லிட்டு, தோலுக்கடியில் எலும்பைத் தவிர வேறு எதுவுமில்லாத விரல்கள். வலது கையை அவை பக்கவாட்டில் வீசின. மேலே இருந்தவளுக்குப் புரிந்தது, தகடு கடல் பக்கம் திரும்பியது. இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி நிறுத்தின, தகடு நின்றது. பிறகு உள்ளங்கைகளைக் கீழே பார்க்க வைத்து மெல்ல மெல்ல அழுத்தின. அந்த விரல்கள் நடுங்கிய நடுக்கத்தில், இன்னும் ஒரு நிமிடம் இவனால் நிற்க முடியாது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தகடு தரையில் அமர்ந்த சத்தம் கேட்டதும் பிடி விட்டது. திரும்பிப் பார்த்தபோது அவன் மண்டியிட்டுக் கிடந்தான்.

"எப்போலருந்துடா?"

"பால விட்டதுலருந்துக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீதானே சொன்ன, நான் அப்பா தட்டுல சாப்பிடுறேன்னு."

அவள் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "தப்புடா. எத விடணும்னு பாதியச் சொன்னேன். எதச் சாப்பிடணும்னு மீதியச் சொல்லாம விட்டுட்டேன்."

பட்டறை மருத்துவர் தடவிப் பார்த்தே நரம்பைக் கண்டுபிடித்து ரத்தம் எடுத்தார். ஊசிக்குள் வந்ததும் அது சிவப்பாகத் தெரிந்தது. இரும்புச் சத்தும் பி12-உம் அடிமட்டத்தில் இருந்தன. மறைந்ததற்கு மருந்து இல்லை, ரத்தத்துக்கு இருக்கிறது என்றார். பல மாதம் பட்டினி கிடந்த உடம்பில் ஒரே நாளில் சாப்பாட்டைக் கொட்டினால் இதயமே நின்றுவிடலாம், கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் ரத்தம் பார்த்துத்தான் கூட்ட வேண்டும் என்று எச்சரித்தார். அன்றிலிருந்து தம்பி அக்கா வீட்டில் இருந்தான். அவள் படித்த எந்த ஆய்விலும் கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒருவர்கூட இல்லை. "மறைஞ்சது திரும்புமான்னு எனக்குத் தெரியாதுடா. இப்பிடிச் சாப்பிட்டவங்க நெறைய நாள் நல்லா இருந்தாங்கன்னு மட்டும் தெரியும்" என்று அவனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். முதல் வாரம் அரைக் கிண்ணம் பருப்புத் தண்ணீர். அடுத்த வாரம் பாதி முட்டை, ஒரு கைப்பிடி கீரை. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்ட பீன்ஸ் பொரியலுக்கு முன்னால் அவன் நாற்பது நிமிடம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் தூண்டவில்லை, திட்டவில்லை. எதிரில் உட்கார்ந்து அதே தட்டு, அதே அளவில் தானும் சாப்பிட்டாள். ஒன்பதாம் வாரம் அவன் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து, நாற்காலியிலிருந்து தொட்டி வரை நடந்து, கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தான். மறுநாள் காலையில் கட்டைவிரல் நகம் ஒன்று தெரிந்தது.

எல்லாம் திரும்ப ஒன்றரை வருடம் பிடித்தது. முழங்கால்களுக்குக் கீழே மட்டும் கடைசிவரை தெரியவில்லை. பூட்ஸ் போட்டுக்கொள்கிறவனுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. அவன் மறுபடி சைகைக்கு வந்தான். மூன்று வருடம் கழித்து அந்தக் கிரேன் ஓட்டுநரையே கல்யாணம் செய்துகொண்டான். அடுத்த வருடம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்த நர்ஸ் எடையைப் பார்த்து, "மூணு கிலோ நூறு. இடது காது மட்டும் கண்ணுக்குத் தெரியல" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டாள். தம்பியின் முகம் வெளிறிப் போயிற்று. அக்கா குழந்தையை வாங்கி, காது இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, மடிப்பெல்லாம் சரியாக இருந்தது.

"பால் குடிக்கிறாளா?" என்று கேட்டாள்.

"நல்லா இழுத்துக் குடிக்கிறா" என்றாள் நர்ஸ்.

"அப்புறம் என்ன?" என்று சொல்லி, குழந்தையைத் தாயின் பக்கத்தில் படுக்க வைத்தாள்.