நான்கு வரிகளுக்கு மிகாமல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள், என் முன்னால் விறைப்பாக உட்கார வேண்டியதில்லை. உங்களுக்கென்று ஒரு கதை எடுத்து வைத்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நடுவில் நம்பிக்கை வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் முதலில் வரவில்லை.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகராக வேலை பார்த்த ஒருத்தி, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு பத்துக்கு வீடு திரும்பியபோது, அவள் ஏற்கெனவே மூன்று பேராக வீட்டில் இருந்தாள். கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து அவளுடைய குரலே "யாரு?" என்று கேட்டது. பதினோரு வருஷமாக அந்தக் கதவுக்கு அவள் சொல்லி வந்த பதில் "நான்தான்". நாமெல்லாம் சொல்வதுதானே. பேர் சொல்வோமா, ஊர் சொல்வோமா? அவள் கணவன் உள்ளே இருந்தால் "எந்த நான்?" என்று கேலி செய்வான், "உங்க தலையெழுத்து, திறங்க" என்பாள், கதவு திறக்கும். அன்றைக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "கண்ணாடிக் கடையிலேருந்து வர்றேன்" என்றாள், யாரோ போல. கதவைத் திறந்தவள் கையில் கணவனின் சட்டையும் பாதி தைத்த பொத்தானும் இருந்தன. பின்னால் ஒருத்தி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ஜன்னலோரம் நின்று, வெளியூரில் வேலை பார்க்கும் தம்பியிடம் போனில் "சாப்பிட்டியாடா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு பேருக்கும் இடது புருவத்தில் அதே தழும்பு.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அன்று காலை கடையில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் பார்க்கும்படி சுவரில் ஒட்டுவதற்காம். "தங்களைப் பற்றி, நான்கு வரிகளுக்கு மிகாமல்" என்று போட்டிருந்தது. மற்றவர்கள் கண்ணை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியும், தன்னைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினாள்: நான் ஒரு அம்மா. நான் ஒரு மனைவி. நான் ஒரு அக்கா. நான் ஒரு கண் பரிசோதகர். கடை மேலாளர் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "என்னம்மா இது, நான் நான்னு நாலு தடவை? படிக்கிறவங்க தலைக்கனம்னு நினைக்க மாட்டாங்க? கொஞ்சம் அடக்கமா இருக்கட்டும்." அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ரூல்தடியை வைத்து, நாலு நானையும் ஒழுங்காகக் கோடு போட்டு அடித்தாள். மிச்சம் இருந்தது ஒரு அம்மா, ஒரு மனைவி, ஒரு அக்கா, ஒரு கண் பரிசோதகர். எழுதியபடியே ஆளுக்கொருவராக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எதையும் எடையில் யோசிக்கிறவன். லிஃப்டுக்குள் ஒரு தகடு இருக்குமே, ஆறு பேர், நானூற்றெட்டு கிலோ என்று. அந்தக் கணக்கில் ஒரு ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ. அவன் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வைத்தாற்போல் அதே அறுபத்தெட்டு. நாலு பேரையும் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தான். ஆளுக்குப் பதினேழு. கூட்டிப் பார்த்தான், சரியாக வந்தது, மனசு கொஞ்சம் ஆறியது. "ஆள் எங்கேயும் போகலை. பிரிஞ்சு நிக்குது" என்றான்.

முதல் பத்து நாள் வசதியாகத்தான் இருந்தது. கூப்பிடுகிற பேரே பேராக நின்றுவிட்டது. மகள் கூப்பிடுவதால் அம்மா, தம்பி கூப்பிடுவதால் அக்கா, கடையில் மேடம், கணவன் "இந்தாம்மா, இந்தாம்மா" என்றே பழகியவன் என்பதால் நாலாமவள் இந்தாம்மா. தம்பிக்குத் தினமும் போன் போனது, மகளின் பாடப் புத்தகங்களுக்கு அட்டை ஏறியது. தொல்லை காற்றில் வந்தது. மேசை விசிறியைப் போட்டதும் இந்தாம்மா அலமாரியோடு போய் ஒட்டிக்கொண்டாள். பதினேழு கிலோவை வைத்துக்கொண்டு பெரிய மனுஷி எப்படி நிற்பாள்? வீட்டில் விசிறிகள் நின்றன. கணவன் பழைய லிஃப்டுகளிலிருந்து இரும்புக் கட்டிகள் கொண்டுவந்து நாலு பேர் இடுப்பிலும் கட்டிவிட்டான். காற்றுக் காலம் வர இன்னும் இரண்டு மாதம். எட்டாவது மாடி வீடு. அவனுக்குத் தூக்கம் போயிற்று.

விஷயம் காதுக்கு எட்டி அவனுடைய அக்கா, இவளுக்கு நாத்தனார், வந்து இறங்கினாள். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு நாத்தனாரைச் சமாளிக்க நாலு பேரா?" என்றாள். பிறகு தன் தம்பியை, அதாவது கணவனை, தனியே அழைத்தாள். "எது அசல்னு பார்த்து வெச்சுக்க. மத்ததையெல்லாம் நல்லபடியா அனுப்பிடு."

"எங்கே அனுப்பறது? எல்லாம் அவதான்க்கா."

"எல்லாம் அவன்னா, எதுக்குடா எல்லாத்துலயும் இரும்பு கட்டி வெச்சிருக்கே?"

அவன் குனிந்து ஒரு கட்டியின் முடிச்சை இறுக்கினான். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். நல்ல மனிதர், படித்தவர். ஒரு ஆள் யாருமில்லாதபோது யாராக இருக்கிறாரோ அதுவே அசல் என்று சொல்லி, நாலு பேரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தால் நாலு நாற்காலியும் காலி. மெத்தையில் பள்ளம் இருந்தது, ஆள் இல்லை. வெளியே உட்கார்ந்திருந்த மகள் பயந்துபோய் "அம்மா" என்றாள், ஒருத்தி வந்தாள். கணவன் "இந்தாம்மா" என்றான், இன்னொருத்தி வந்தாள். கடைக்கும் தம்பிக்கும் போன் போட்டு மற்ற இரண்டு பேரையும் வரவழைக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் நாலு நாற்காலியின் பள்ளத்தையும் தடவிப் பார்த்தார். கூப்பிட்டால்தான் வருகிறார்கள் என்றால், யாராவது ஒருத்தியை மட்டும் கூப்பிடுங்கள், மற்றவர்கள் கரைந்து எடை முழுவதும் அவளிடம் வந்து சேரும் என்றார். அன்று வீட்டுக்குப் போய் அவரும் எடை பார்த்துக்கொண்டதாகக் கேள்வி.

யாரை வைத்துக்கொள்வது? மகளிடம் கேட்கவே வேண்டாம். கடைக்கு மேடம் வேண்டும். கணவன் தைத்த பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தான். தூரத்தில் இருப்பவன்தானே ஏமாறுவான்? தம்பியிடம் ஒரு வாரம் போன் பண்ண வேண்டாம் என்று சொன்னார்கள். அவன் ஏன் என்று கேட்கவில்லை, "சரி" என்று மட்டும் சொன்னான், அதுதான் எல்லோருக்கும் என்னமோ போல் ஆகிவிட்டது. ஏழாம் நாள் அக்கா பதினொன்றாக இளைத்திருந்தாள். ஜன்னலோரம் அவள் நின்றால் பின்னாலிருக்கும் திரையின் பூ தெரிந்தது. மற்ற மூன்று பேரையும் மெஷினில் ஏற்றினார்கள். பதினேழு, பதினேழு, பதினேழு. போன ஆறு கிலோ யாரிடமும் சேரவில்லை, சும்மாவே போய்விட்டது. நாத்தனார்தான் முதலில் எழுந்து போய்ப் போனை எடுத்துவந்து அக்காவின் கையில் திணித்தாள். "பேசித் தொலை" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தூசு விழுந்ததாம்.

ஆக, ஒருத்தியை வைத்துக்கொண்டால் மூன்று பேர் போவார்கள். நாலு பேரையும் வைத்துக்கொண்டால் காற்று கொண்டுபோகும். காற்றுக் காலமும் வந்துவிட்டது.

அந்த வாரத்தில் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். அச்சகத்தில் நாற்பது வருஷம் பிழை திருத்தியவர். எழுத்துக்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்றார். மேடம் சோதனைக்கு மாட்டும் கனத்த ஃபிரேமை அவர் மூக்கில் ஏற்றி, ஒரு கண்ணாடிச் சில்லைச் செருகினாள், அதன்மேல் இன்னொன்று, திருப்பிப் பார்த்து மூன்றாவது. "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா?" நாலாவது சில்லு விழுந்ததும் பெரியவர் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிட்டார்.

"இந்த நாலுல எதும்மா என் கண்ணாடி?" என்று கேட்டார்.

"தனியா எதுவும் இல்ல சார். நாலும் சேர்ந்துதான்."

"அப்ப இந்த ஃபிரேம்?"

"அதுக்குப் பவர் கிடையாது சார். சும்மா பிடிச்சுக்கும்."

"பிடிச்சுக்கிறது சும்மாவா?" என்று சிரித்தவர், தெரிகிறதா என்று சோதிக்கச் சுவரைப் பார்த்தார். அங்கே அவளுடைய படிவம் ஒட்டியிருந்தது. பெரியவரின் சிரிப்பு நின்றது. பிழையைக் கண்ட முகம். எழுந்து கிட்டே போனார். "யாரும்மா இதை அடிச்சது? எழுவாயைக் காணோமே. இப்படிப் படிச்சா நாலு வேற வேற ஆள்."

"தலைக்கனமாத் தெரியும்னு சொன்னாங்க சார்."

"தலைக்கனமா? நாலு வரியையும் கட்டி வெச்ச கயிறும்மா அது." சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அடித்த ஒவ்வொரு நானுக்கும் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தார். அடித்தது தவறு, சொல் இருக்கட்டும் என்பதற்கு அவர்கள் தொழிலில் அதுதான் குறியாம்.

மேடம் அன்று ஓட்டமும் நடையுமாக வீடு வந்து, இந்தாம்மாவிடமும் அக்காவிடமும் விஷயத்தைச் சொன்னாள். மூன்று பேரும் "நான்" என்று சொல்லிப் பார்த்தார்கள். "நா" வந்தது, அதற்குமேல் வரவில்லை. கணவன் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், திக்குவாய்க் குழந்தைக்கு உதவுகிறவன் போல அவன் உதடும் அசைந்தது. அப்போதுதான் மகள் படியில் உருண்டு விழாத குறையாக ஓடிவந்தாள். அம்மா மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள், படியேறக் கனக்கிறதென்று இரும்பைக் கழற்றி வைத்துவிட்டு. காற்று வந்து கதவை அறைந்து சாத்தியதில் மாடிப் பக்கத்துத் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. கதவிடுக்கு வழியாக மகள் பார்த்தது இதுதான்: அம்மா ஒரு கையில் துணியும் ஒரு கையில் தாழ்ப்பாளுமாக, கால் இரண்டும் மேலே, கொடியில் போட்ட துண்டு போலப் படபடத்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் ஓடினார்கள். கணவன் தோளால் மோதினான், இரும்புக் கதவு அசையவில்லை. தாழ்ப்பாளை அம்மா இழுத்தால் திறக்கும்; இழுத்தால் அவளுக்குப் பிடி இருக்காது. மேடமும் இந்தாம்மாவும் அக்காவும் உள்ளங்கையால் கதவைத் தட்டினார்கள். ஆறாவது மாடிவரை கேட்டதாம். அந்தப் பக்கம் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தவள், இத்தனை வருஷப் பழக்கம், என்ன செய்வது, உள்ளேயிருப்பவள் போலவே கேட்டாள். "யாரு?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் வேறு பதில் ஏது? மூன்று வாயும் யோசிக்காமல் ஒரே குரலில் சொல்லிவிட்டன. "நான்தான்."

அப்பால் படபடப்பு நின்றது. பிறகு தொப்பென்று கால் தரையில் விழுகிற ஓசை. நல்ல கனமான ஓசை. தாழ்ப்பாள் விலகியது. கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி நின்றாள், தலை கலைந்து, கையில் பாதி ஈரத் துணியோடு. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் கணவனும் மகளும் நாத்தனாரும், தரையில் மூன்று பேரின் இரும்பும் மட்டும்தான். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று கணவன் "எந்த நான்?" என்றான்.

"உங்க தலையெழுத்து. நகருங்க, காத்தடிக்குது" என்றாள்.

கீழே வந்து மெஷினில் ஏறினாள். துணியோடு எழுபது, துணியை வைத்துவிட்டு ஏறினால் அறுபத்தெட்டு. காணாமல் போன ஆறு கிலோவும் வந்துவிட்டிருந்தது, எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் மறுபடியும் நாலாகப் பிரிந்தாள். வேலை நாலு இருக்கிறதே. ஆனால், சேர்க்கிற சொல் வாய்க்குத் திரும்பிவிட்டதால், யாரும் பயப்படவில்லை. ஆறு பத்துக்கு நாலு பேரும் வாசலில் வந்து கூடுவார்கள், கதவைத் தட்டுவார்கள், உள்ளே இருப்பவர் "யாரு?" என்பார், "நான்தான்" என்று ஒருத்தி உள்ளே நுழைவாள். விசிறிகள் மறுபடி சுற்றின. இரும்புக் கட்டிகளில் ஒன்று கதவுக்கு முட்டாகக் கிடந்தது. மகள் பெரியவளாகி வேறு ஊருக்குப் படிக்கப் போனபோது வெள்ளிக்கிழமைதோறும் பதினேழு கிலோ அம்மா பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கண்டக்டர் அரை டிக்கெட் கொடுத்தார். தெருவில் இன்னும் சிலருக்கு அப்படி ஆயிற்று. கடை மேலாளர் ஒரு நாள் இரண்டாக வந்தார், இரண்டாமவர் புல்லாங்குழல் வாசித்தார், யாருக்கும் தெரியாது அவருக்கு வாசிக்க வருமென்று. நாத்தனார் வரும்போதே "நாங்க மூணு பேர் வர்றோம், நாற்காலி போட்டு வை" என்று போன் பண்ணிவிடுவாள். சுவரிலிருந்த படிவம் மஞ்சளாகிவிட்டது, சிவப்புப் புள்ளிகள் மட்டும் மங்கவே இல்லை. லிஃப்ட் தகடுகளிலும் பிற்பாடு ஆள் கணக்கை எடுத்துவிட்டு, கிலோவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இருட்டப் போகிறது, எழுந்திருங்கள் கண்ணுகளா. நாள் முழுக்க எத்தனை பேராக அலைந்தாலும், உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது "யாரு?" என்று கேட்க உள்ளே ஒரு குரல் இருக்கட்டும். நீங்கள் "நான்தான்" என்று சொன்னதும், பேர் கேட்காமல் அந்தக் கதவு திறக்கட்டும்.