ஜூடி வீட்டுத் தரை

பத்து நாளாகப் பெலிக்ஸ் வேலைக்கு இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு போனான். பிரிஸ்கில்லா முதலில் கவனித்தது அதைத்தான்.

தரை பாலிஷ் போடுகிறவனுக்கு எதற்கு இஸ்திரி? கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் அவன் வேலைக்குக் கிளம்பும் கோலம் அவளுக்கு மனப்பாடம். முழங்காலில் நைந்த பேண்ட், சிமெண்டுக் கடையில் இனாமாகக் கொடுத்த பனியன், தலையில் ஒரு துண்டு. இப்போதோ தினமும் சவரம், நீலக் கட்டம் போட்ட சட்டை. பழைய பனியனை மஞ்சள் பையில் மடித்து எடுத்துப் போய் அங்கே மாற்றிக்கொள்கிறானாம்.

"யாரு வீடுங்க அது?" என்று இரண்டாம் நாளே கேட்டாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டீச்சர் வீடு. ஹால் பூரா பழைய பிவிசி விரிப்பு. உரிச்சா அடியில தாரு. அந்தக் காலத்துல தாருப் பசையை ஊத்தி ஒட்டிருக்கானுவ. சுத்தமா எடுக்கணும்."

"எம்புட்டு நாளாகும்?"

"ஒரு வாரம்."

ஒரு வாரம் பத்து நாளாயிற்று. பத்தாம் நாள் மத்தியானம் அவன் தங்கை ஜெபா போன் செய்தாள்.

"மைனி, அண்ணன் வேதசிரோமணி சார் வீட்டுலதான் வேல பாக்காம்லா?"

"அது யாரு?"

"ஒங்களுக்குத் தெரியாதா?" ஜெபாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "பதினோரு வருஷத்துக்கு முன்னால அண்ணனுக்கு மொத மொதல்ல பொண்ணு பாத்தோம்லா, அந்த வீடு. ஜூடின்னு பேரு. தரை தேய்க்கிறவனுக்குக் குடுக்க மாட்டேன்னு அவிய அப்பா சொல்லிட்டாவ. சார் போன வருஷம் தவறிட்டாவ. இப்ப அந்தப் பொண்ணுக்கு இங்கனயே டிரான்ஸ்பர் கெடச்சு வந்துருக்காம். மாப்பிள்ளை மஸ்கட்ல. சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசன மைனி."

"அதான் சொல்லிட்டில்லா. வையி" என்றாள் பிரிஸ்கில்லா.

அவள் வேலை பார்ப்பது இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில். காஸ் துணியை எட்டாக மடித்து அடுக்குவது அவள் வேலை. போனை வைத்துவிட்டுத் திரும்ப மேஜைக்கு வந்தபோது கை மடித்தது, மனசு மடியவில்லை. எதிரே மூலையில் நூல் விட்டதும் கறை பட்டதுமாகக் கழித்துப் போட்ட துணி மூட்டை கிடந்தது. சூப்பர்வைசரிடம் சொல்லி, தினமும் அதிலிருந்து ஒரு பை அள்ளிப் போய்ப் புருஷனிடம் கொடுப்பவள் அவளேதான். தார் துடைக்க அதைவிடத் தோதான துணி இல்லை என்று அவன் சொன்னபோது எவ்வளவு பெருமைப்பட்டாள். பத்து நாளாக அந்த ஜூடியின் வீட்டுத் தரையைத் துடைக்கத்தான் துணி கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் தட்டில் தோசையை வைத்தபடி, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். "வேலை எப்படிப் போவுது?"

அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் அவளைச் சுட்டது.

"நீ பாக்கணும் பிரிஸ்கி. காலைல தாரு கல்லு மாதிரி இருக்கும். மேல ஐஸ் கட்டிய வச்சுட்டா இன்னும் வெறச்சுக்கும். தண்ணி தெளிச்சு, உளியச் சாய்ச்சு வச்சு ஒரு தட்டு. சில்லு சில்லாத் தெறிக்கும். வெயில் ஏறிட்டா அம்புட்டும் அல்வா, கைய வைக்க முடியாது. மிஷின் போட்டாலும் சூட்டுல இளகி அப்பிக்கும், தூசியும் நெஞ்சுக்கு ஆகாது. மிச்சம் இருக்குற கறைக்குத்தான் உன் துணி. டர்பண்டைன்ல நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, ஒத்தி ஒத்தி எடுக்கணும். தேய்க்கவே கூடாது. அடியில பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸு. அம்புட்டு அழகு."

அவன் பேசியதில் பாதிதான் அவள் காதில் ஏறியது. ஒத்தி ஒத்தியாம்.

"நம்ம அடுப்பங்கரையில ஒரு வெடிப்பு விட்டுக் கெடக்கு. மூணு வருஷமாச் சொல்லுதேன்."

"பாப்போம்" என்றான், இன்னொரு தோசைக்குக் கையை நீட்டியபடி.

மறுநாள் காலை அவன் கிளம்பிப் போனதும் பிரிஸ்கில்லா கம்பெனிக்கு லீவு சொன்னாள். கல்யாண நாளுக்குக் கட்டிய பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினாள். கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் அவிழ்க்கவில்லை. ஒரு பை நிறையக் காஸ் துணியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஏறினாள். வழி நெடுக, அந்த வீட்டில் அவள் பார்க்கப் போகிற காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. எல்லாவற்றிலும் ஜூடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தது கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒரு பெண். கையில் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள். பிரிஸ்கில்லாவின் பையிலிருந்த காஸ் துணியைப் பார்த்ததும் அவளுக்கு ஆள் புரிந்துவிட்டது.

"பெலிக்ஸ் அண்ணன் வீட்டுலயா? உள்ள வாங்க. அண்ணன் ஐஸ் வாங்கப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க."

அண்ணனாம். ஊருக்குக் கேட்கச் சொல்கிற அண்ணன், என்று பிரிஸ்கில்லா நினைத்துக்கொண்டாள்.

ஹாலுக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அரக்கும் சந்தனமுமாக, ஒவ்வொரு கட்டத்திலும் எட்டிதழ்ப் பூ. சுவர் முதல் சுவர் வரை விரித்துப் போட்டாற்போல் கிடந்தது தரை. ஒரு பூவின் ஓரத்தில்கூடத் தார் பொட்டு இல்லை. ஜன்னலோரத்தில் மட்டும் ஒரு கட்டில் அளவு கறுப்பு மிச்சமிருந்தது. தன் புருஷனுக்கு இவ்வளவு நன்றாக வேலை தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். இவ்வளவு நன்றாக அவன் செய்தது இங்கே; வீட்டு அடுப்பங்கரையில் அந்த வெடிப்பு அப்படியே கிடந்தது.

"செத்த நேரம் இருங்க, டீ போட்டுட்டு வாரேன்" என்று ஜூடி உள்ளே போனாள்.

அந்தக் கறுப்புத் துண்டு ஒன்றுதான் பெலிக்ஸை நாளைக்கும் இந்த வீட்டுக்கு வரவைக்கப் போகிறது. பிரிஸ்கில்லா சேலையைத் தூக்கிச் செருகினாள். ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டாள். பையிலிருந்த துணியை எடுத்துப் பழக்க தோஷத்தில் எட்டெட்டாக மடித்தாள். கறுப்பு மறையும்படி வரிசையாக அடுக்கினாள். ரத்தத்தையே குடிக்கிற துணி, தாரைக் குடிக்காதா? சுவரோரம் இருந்த டர்பண்டைன் கேனைத் தூக்கி, துணி மொத்தமும் மிதக்கும்படி ஊற்றினாள். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் தாளை மேலே விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தாள். காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல் கச்சிதமாக இருந்தது. பெலிக்ஸ் வரும்போது துணியைத் தூக்கிக் காட்டினால் போதும். கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

ஜூடி டீயும் முறுக்கும் கொண்டு வந்தாள். இருவரும் அடுத்த அறையில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணன் மாதிரி வேலைக்காரங்க கிடைக்கிறதே இல்ல" என்றாள் ஜூடி. "வேற ரெண்டு பேரு வந்து, இதுக்கு மேலேயே புது டைல்ஸ் ஒட்டிருவோம்னு சொன்னாங்க. இவருதான் அடியில நல்ல தரை இருக்கு, பாழாக்காதீங்கன்னாரு."

பிரிஸ்கில்லா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள். "அவருக்கு இந்த வீடு முன்னாலயே பழக்கந்தானே."

"அப்படியா?"

"ஒங்களப் பொண்ணு பாக்க வந்தாருல்லா."

ஜூடியின் கையில் இருந்த முறுக்கு அப்படியே நின்றது. "யாரு, பெலிக்ஸ் அண்ணனா?"

"பதினோரு வருஷம் இருக்கும். அவிய அப்பா, தங்கச்சி, எல்லாரும் வந்தாவளாம்."

ஜூடி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ, மன்னிச்சுக்கங்க. எனக்கு ஞாபகமே இல்ல. அந்த வருஷம் ஏழெட்டுப் பேரு வந்துட்டுப் போனாங்க. நான் தட்டை வைப்பேன், ஸ்தோத்திரம் சொல்லுவேன், உள்ள போயிருவேன். பேச்சு எல்லாம் அப்பாதான். யாரு மொகத்தையும் நான் நிமிர்ந்துகூடப் பாத்ததில்ல."

"கொஞ்சங்கூடவா ஞாபகம் இல்ல?"

"ஒருத்தரு மட்டும் ஞாபகம் இருக்கு. ரெண்டு தட்டு மிச்சரத் தின்னுட்டுப் போனாரு. அது உங்க வீட்டுக்காரரா?"

"இல்ல" என்றாள் பிரிஸ்கில்லா வெடுக்கென்று. "அவருக்கு மிச்சர் ஆகாது."

பஸ்ஸில் சுமந்து வந்த பாரம் சட்டென்று இறங்கிப் போயிருக்க வேண்டும். இறங்கவும் செய்தது. ஆனால் அது இறங்கிய இடத்தில் ஒரு கோபம் ஏறி உட்கார்ந்தது. மறக்கிற ஆளா அவர்? சிரித்தால் கன்னத்தில் குழி விழும், வாசலில் நின்றால் நிலையில் தலை இடிக்கும், அந்த ஆளையா ஒருத்தி தட்டை வைத்துவிட்டு மறந்துபோவாள்? இவளுக்காகவா பத்து நாளாகச் சட்டை இஸ்திரி போட்டது? இந்தக் கோபத்தில் பேச்சு வளர்ந்தது. மஸ்கட்டில் இருக்கும் ஜூடியின் புருஷன் அலெக்ஸ் எத்தனை உயரம், யாருக்கு எது ஆகாது என்றெல்லாம் கேட்டுக் கொண்டிருந்ததில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

வாசலில் பைக் சத்தம் கேட்டபிறகுதான் ஜன்னலோரம் நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் தாளை எடுத்தாள். துணியைத் தூக்கினாள். தார் போயிருந்தது. போன தார் பழுப்புத் தண்ணீராகப் பரவி, சுத்தம் செய்து வைத்திருந்த நாலு வரிசைக்குள் இறங்கியிருந்தது. பூக்களெல்லாம் கருப்பட்டிப் பாகில் முக்கியெடுத்ததுபோல் நின்றன.

தோளில் ஐஸ் சாக்கோடு உள்ளே வந்த பெலிக்ஸ் முதலில் பச்சைச் சேலையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். சாக்கை மெதுவாக இறக்கி வைத்தான்.

"எம்புட்டு ஊத்துன?"

"கேன்ல இருந்தது பூராவும்."

"பிழியணும்னு சொன்னேனே, ஏட்டி."

"காதுல விழல."

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். முழங்காலிட்டு, ஒரு பூவை விரலால் தடவிப் பார்த்தான். பின்னாலேயே வந்து நின்ற ஜூடியிடம் பிரிஸ்கில்லா திரும்பினாள். "டீச்சர், இது அவியமேல தப்பு இல்ல. நான்தான் கேக்காம ஊத்திட்டேன். வேலை சீக்கிரம் முடியட்டும்னு செஞ்சேன்."

ஜூடி தரையையும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பச்சைச் சேலையையும் ஒருமுறை பார்த்தாள். ஏதோ புரிந்ததுபோல் இருந்தது. "போயிருமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"போகும்மா. சாக் பவுடர டர்பண்டைன்ல கொழச்சு அப்பி, மூடி வச்சா உள்ள எறங்குனத மேல இழுக்கும். காஞ்சதும் சுரண்டிட்டு மறுபடி அப்பணும். நாலு நாளாவும்."

நாலு நாள். பிரிஸ்கில்லா கண்ணை மூடித் திறந்தாள். ஒரே நாளில் முடிய வேண்டியதை நாலு நாளாக்கிக் கொடுத்தது அவள் கைதான்.

"நாலு நாளும் நானும் வாரேன்" என்றாள்.

ஜூடி தாள் திருத்தப் போய்விட்டாள். பெலிக்ஸ் கடைக்குப் போய்ச் சாக் பவுடரும் இன்னொரு கேன் டர்பண்டைனும் வாங்கி வந்து மாவைக் குழைத்தான். அவள் பட்டித் தகட்டால் அள்ளி அள்ளிப் பூவின்மேல் அப்பினாள்.

"ஜெபா சொல்லிட்டாளா?" என்றான்.

"நீங்க சொல்லிருக்கணும்."

"சொல்லிருக்கணும்தான்." குழைப்பதை நிறுத்தாமல் பேசினான். "அட்ரஸக் குடுக்கும்போது எனக்கும் தெரியாது. வந்து பாத்தா அதே ஹாலு. அன்னைக்கு அந்தா அங்கனதான் சேர் போட்டிருந்தாவ. தரை தேய்க்கிறவருக்கா பொண்ணு கேக்குதீகன்னு சாரு எங்கப்பாகிட்டக் கேட்டாவ. எங்கப்பா வாயே தொறக்கல. நான் தலையக் குனிஞ்சு இந்த விரிப்பையே பாத்துட்டு இருந்தேன். பச்சையும் வெள்ளையும் கட்டம்."

அவள் தகட்டைக் கீழே வைத்தாள்.

"நாலு நாளுக்கு முன்னாலயே முடிச்சிருப்பேன் பிரிஸ்கி. ஒரு குறை சொல்ல முடியாத மாதிரி முடிக்கணும்னு இருந்துச்சு. சாரு இல்ல. அந்தப் பொண்ணாவது பாக்கட்டுமேன்னு."

"அதுக்கா இஸ்திரிச் சட்டை?"

"அதுக்குந்தான்."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். உண்மையைச் சொல்லிவிட்டதால் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பிய மாவை மறுபடி சமன்படுத்தினாள்.

"டீச்சர்கிட்ட ஏதும் கேட்டியா?" என்றான் பெலிக்ஸ்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

குழைத்துக்கொண்டிருந்த கை நின்றது. முகத்தைத் திருப்பாமல், காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். உண்மை அவள் நாக்கு நுனியில் இனித்தது. உங்க மூஞ்சிகூட அவளுக்கு ஞாபகம் இல்ல. இந்த ஒரு வரி போதும். நாளையிலிருந்து இஸ்திரிப் பெட்டிக்கு வேலையிருக்காது. அவன் கழுத்தில் வேர்வை வழிந்து பனியனுக்குள் இறங்குவதைப் பார்த்தாள். பத்து நாளாக அவன் முழங்காலிட்டுக் கிடந்த இந்தத் தரையைப் பார்த்தாள்.

"நல்லா ஞாபகம் இருக்காம்" என்றாள். "அப்பா அப்படிப் பேசினது ரொம்பத் தப்புன்னு அவியளுக்கே அன்னைக்கு வருத்தமாம்."

பெலிக்ஸ் மறுபடி குழைக்க ஆரம்பித்தான். காது மடல் சிவந்திருந்தது. கன்னக்குழி மெல்ல விழுந்து, விழுந்தபடியே நின்றது.

கிளம்பும் முன்னே, அவன் கேட்டால் ஞாபகம் இருப்பதாகவே சொல்லும்படி அந்த டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று பிரிஸ்கில்லா நினைத்துக்கொண்டாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் இட்டுக்கட்டிச் சொன்ன ஒரு பொய்க்கு ஒரு மனுஷன் இவ்வளவு நேரமா சிரிப்பான்? உள்ளே பழையபடி எரிய ஆரம்பித்தது.

"போதும் சிரிச்சது" என்றாள். "மாவு காயுது, தள்ளுங்க இங்கிட்டு."